பருந்துக்குத் தீனி வைத்த குரல்

காயம்பட்ட பறவைகளைத் தூக்கிவரும் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: ஃபோனில் அலறல் எவ்வளவு பெரிதோ, போய்ப் பார்த்தால் பறவை அவ்வளவு சிறியது. ப்ளஸ் டூ லீவில் ஃபாத்திமா அக்கா மயிலாப்பூரில் நடத்தும் பறவைக் காப்பகத்தில் சேர்ந்தேன். எனக்கு யார் குரலும் வரும். அக்கா குரலில் பேசி, கோபாலபுரத்தில் நெருப்புக்கோழி வழி தெரியாமல் நிற்கிறது என்று எங்கள் ஆட்டோ செல்வம் அண்ணனைக் கிளப்பிவிட்டவன் நான்.

யார் பிடியில் யார்

ஆனால் அன்றைக்கு ஃபோனில் வந்த மந்தைவெளி மாமியின் அலறல் நிஜம். “மொட்டை மாடியில கழுகு விழுந்து கிடக்குப்பா, வடாத்து மேல! ஆத்துக்காரர் குடையை நீட்டிண்டு நிக்கறார்!” போனால், கூட்டைவிட்டு இறங்கிச் சில நாளே ஆன ஊர்ப்பருந்து. இறக்கையை விரித்தால் என் இரண்டு கையை நீட்டிய அகலம் இருக்கும்; அதில் பட்டம் விடும் மாஞ்சா நூல் சுற்றி அறுத்திருந்தது. தூக்கினால் முக்கால் கிலோ தேறாது. மிச்சமெல்லாம் இறகும் கோபமும்தான்.

துண்டைத் தலையில் போடுவதற்குள் அதன் கால் என் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. பருந்தின் பிடி பூட்டு மாதிரி. நாம் இழுக்க இழுக்க இறுகும். அதன் காலை மெல்ல நீட்டிவிட்டால்தான் விரல் தளரும். நான்கு நகமும் உள்ளே இறங்கியிருக்க, நான் மூச்சை அடக்கி அந்தக் காலை நீட்டிக்கொண்டிருந்தேன். மாமி குனிந்து பார்த்தாள். “ஏம்பா, நீ அதைப் பிடிச்சிண்டிருக்கியா, அது உன்னைப் பிடிச்சிண்டிருக்கா?”

பத்து நாள் கச்சேரி

எங்கள் காப்பகத்தில் ஒரே சட்டம்: குஞ்சுக்குத் தீனி வைக்கும்போது வாய் திறக்கக் கூடாது, முகம் காட்டக் கூடாது. நான் மனிதக் குரலில் பேசவே இல்லை, சத்தியமாக. ஆனால் கறித்துண்டை என் முகத்துக்கு நேரே பிடித்து நீட்டும்போதெல்லாம் தாய்ப் பருந்து மாதிரி நடுங்க நடுங்க ஒரு விசில் அடித்தேன். குஞ்சு பதில் விசில் அடித்தது! பத்து நாள் நாங்கள் இரண்டு பேரும் கச்சேரி நடத்தினோம். நூல் அறுத்த புண்ணும் ஆறியது.

பதினோராம் நாள் அக்கா கூண்டைத் திறந்தார். மனிதரைக் கண்டால் பின்வாங்கிச் சீற வேண்டிய பருந்து, தத்தித் தத்தி வந்து அக்காவின் முகத்துக்கு நேரே வாயைப் பிளந்தது. அக்கா என்னைப் பார்த்தார். மாட்டிக்கொண்டால் வேறு யார் குரலிலாவது பேசித் தப்பிப்பது என் வழக்கம். அன்றைக்கு என் சொந்தக் குரலிலேயே விசில் அடித்ததைச் சொன்னேன். அக்கா கத்தவில்லை. “இதை வெளிய விட்டா, எவன் கையில சோறு இருக்கோ அவன் தோள்ல போய் உக்காரும்டா. உக்காந்தா அடிச்சுக் கொன்னுடுவாங்க.”

நூலில் கட்டிய கோழித்துண்டு

அதற்கப்புறம் திரை கட்டினோம். தீனி எங்கிருந்து வருகிறது என்றே அதற்குத் தெரியக் கூடாது. கோழித்துண்டை நூலில் கட்டித் தரையில் இழுக்க வேண்டும். அது உயரத்திலிருந்து இறங்கிப் பிடித்தால்தான் சாப்பாடு. முதல் நாள் உட்கார்ந்த இடத்திலேயே வாயைப் பிளந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. விசிலுக்காக அது கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடியதைத் திரை ஓட்டையில் பார்த்தேன். என்னாலும் சாப்பிட முடியவில்லை.

மூன்றாம் நாள் பிளவுபட்ட வாலை ஒருமுறை சுக்கான் மாதிரி திருப்பியது. இறக்கையை அடிக்கவே இல்லை. அப்படியே சரிந்து வந்து, கடைசி நொடியில் காலை முன்னே நீட்டியது. நூல் என் விரலைவிட்டு உருவிக்கொண்டு போயிற்று. பக்கத்தில் நின்ற செல்வம் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்: “இன்னாடா நைனா, சத்தமே இல்லாம வந்து அட்சிகினு போய்ட்ச்சு! நீயும் கீறியே, எப்பப் பார்த்தாலும் சத்தம் போட்டுகினு!”

பட்டினப்பாக்கம், மாலை நாலு மணி

நான்கைந்து நாள் அது தவறாமல் பிடித்த பிறகு, மீன் கழுவும் இடத்துக்குப் பின்னால் மணலில் பெட்டியைத் திறந்தோம். மேலே ஏழெட்டுப் பருந்துகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. எங்களுடையது வெளியே வந்து படகு விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. பத்தடி தள்ளி ஒருவர் மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தார். பருந்து அவர் பக்கம் தலையைத் திருப்பியது. வாயை லேசாகத் திறந்தது.

அவரிடம் போனால் நாங்கள் திரும்பப் பிடித்துவர வேண்டும்; பிறகு ஆயுளுக்கும் கூண்டுதான். அதற்குள் இரண்டு காக்கைகள் வந்து அதன் வாலைக் கொத்தத் தொடங்கின. ஒரே ஒரு விசில் அடித்தால் போதும், என் கைக்கு வந்துவிடும்; காக்கையிடமிருந்து தப்பிவிடும். உதடு தானாகக் குவிந்தது. அக்கா என் மணிக்கட்டை, ஆறாத புண்ணோடு சேர்த்து, இறுக்கிப் பிடித்தார்.

பருந்து எழுந்தது. காக்கைகளை உதறிக்கொண்டு மேலே போய் மற்றதுகளோடு ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு இறக்கையை மடக்கி ஒரே சரிவாக இறங்கி, மீன் கழுவும் ஓர் அம்மாவின் கூடையிலிருந்து முழு மத்தி ஒன்றைக் காலால் எடுத்துக்கொண்டு, பறந்தபடியே குனிந்து கிழித்துத் தின்றுகொண்டே கடல் பக்கம் போய்விட்டது. அந்த அம்மா எங்களைப் பார்த்து முறைத்தார்: “எவன் வூட்டுப் பருந்துய்யா அது? கொஞ்சம்னாச்சும் மனுசாளுன்ற பயம் கீதா?”

நாம் பராமரித்த வாடிக்கையாளர் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், போகிற வழியில் ஒரு திருட்டும் செய்துவிட்டுப் போனால் கட்டிப்பிடித்து அழுது கொண்டாடுகிற தொழில், நண்பர்களே, நம்முடையது ஒன்றுதான்.