செல்வியிடம் நான் கேட்ட விலங்கியல் கேள்விகள்

என் மகள் கல்லூரியில் முதலாமாண்டு உயிரியல் படிக்கிறாள். போன வாரம் ஒருநாள் சாயங்காலம் கூடத்தில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு கைப்பேசியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டுகிறபோதெல்லாம் அது 'டொய்ங்' என்றது. சில சமயம் தகரத்தில் கல் விழுந்ததுபோல 'ட்டொக்' என்றது. விளையாட்டோ என்று நினைத்து, "பரீட்சைய வச்சுக்கிட்டு என்ன பாப்பா இது?" என்றேன்.

"பாடந்தேம்ப்பா. போன் கேள்வி கேக்கும். நாலு பதில் குடுக்கும். சரியானதத் தொடணும். தப்புன்னா 'ட்டொக்'கும்."

"கேள்வியவே அதுதேன் கேக்குதா?"

"ஆமா. பின்ன யாரு கேப்பா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் நெஞ்சில் சுருக்கென்றது. ஒரு கைப்பேசியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் இந்த மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த வேலை ஒரு காலத்தில் என்னுடையது. நம்ப மாட்டீர்கள், சொல்கிறேன்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. காளவாசலில் மாவு மில் வைத்திருக்கிறேன். அரிசி, கோதுமை, மிளகாய், மல்லி, சீயக்காய் எது கொண்டுவந்தாலும் அரைத்துத் தருவேன். எனக்குப் பெண் பார்த்தபோது செல்வி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். என் மாமனார் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார். "மாப்ள, புள்ள காலேசு படிக்கணும்னு ஆசப்படுது. அத மட்டும் தடுத்துறாதீக." நான் சரி என்றேன். பெரிய மனது என்று நினைக்க வேண்டாம். செல்வி காப்பி கொண்டுவந்து கொடுத்த நேரத்தில் என்னிடம் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

கல்யாணமான கையோடு விலங்கியலில் சேர்ந்தாள். தமிழ் மீடியம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போய் வருவாள். சாயங்காலம் நான் மில்லைப் பூட்டிவிட்டு வரும்போது அவள் கையில் ஒரு வாடை இருக்கும். தவளையையும் மீனையும் கெடாமல் போட்டு வைக்கிற மருந்தின் வாடை. சோப்புப் போட்டாலும் போகாது. என் மேலே மிளகாய் நெடி. எதிரெதிரே உட்கார்ந்தால் என் நெடிக்கு அவள் தும்முவாள், அவள் வாடைக்கு நான் மூக்கைச் சுளிப்பேன். தவளையை அறுத்த நாள் வெள்ளிக்கிழமையாக இருந்துவிட்டால் அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால்தான் விளக்கேற்ற விடுவேன். "அது ஏற்கெனவே செத்த தவளைங்க" என்பாள். "செத்ததுன்னா கூடுதலாவே குளி" என்பேன். இப்போது தவளையை அறுக்கிற வழக்கமே கல்லூரிகளில் இல்லையாம். மகள் சொன்னாள். தவளைகளுக்கு நல்ல காலம்.

கல்லூரியில் அவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் கட்டு கொடுத்திருந்தார்கள். பரீட்சைக்கு வரக்கூடிய கேள்விகள் எல்லாம் பாடவாரியாக அதில் இருக்கும். இரண்டு மார்க், ஐந்து மார்க், பத்து மார்க் என்று. முதல் தாளின் மேல் நான் பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துச் சிரித்தவள், "ஒங்க கையாலயே கேளுங்க, வெளங்கட்டும்" என்று கட்டைத் திருப்பி என்னிடமே கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்தது அந்த உத்தியோகம்.

விளக்கேற்றியதும் சாமி படத்துக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நான் உட்காருவேன். அவள் அடுப்படி வாசலில் காய் நறுக்கிக்கொண்டோ சப்பாத்தி தேய்த்துக்கொண்டோ இருப்பாள். 'மண்புழுவின் கழிவுநீக்க மண்டலத்தை விவரி.' 'மைட்டாசிஸ், மெயோசிஸ் வேறுபடுத்துக.' 'சவ்வூடு பரவல் வரையறு.' நாள் முழுக்க மில் சத்தத்தில் கத்திப் பழகிய தொண்டை. தெரு முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "என்னண்ணே, தெனமும் வீட்டுக்காரம்மாவ வெவரி வெவரின்னு அதட்டுறீங்க, ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டுவிட்டார்.

பதில் சரியா தவறா என்று எனக்கு எங்கே தெரியும்? அவள் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திணறினால் காத்திருப்பேன். நிறுத்தினால், "ம், அடுத்தது" என்பேன். ஒருநாள், "மைட்டோகாண்ட்ரியாவின் பணி யாது?" என்று கேட்டேன். அவள் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "காளவாசலில் மாவு அரைத்தல்" என்றாள். நான், "ம், அடுத்தது" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் சப்பாத்தி கருகியது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் ஜெயந்தி வந்தாள்.

ஜெயந்தி செல்வியின் வகுப்புத் தோழி. தெற்குவாசல் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. மரியாதையான பெண். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. சனிக்கிழமை மதியங்களில் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். முதல் நாளே நான் கேள்வி கேட்கும் முறையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, குடுங்க, நான் கேக்குறேன்" என்று கட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு பேருந்தில் நம் இடத்தில் துண்டைப் போட்டதுபோல அவ்வளவு சுலபமாக வாங்கிக்கொண்டாள்.

அவள் தாளில் இருக்கிற கேள்வியோடு நிற்க மாட்டாள். "தவளைக்கு இதயத்துல மூணு அற. சரி. ஏன் மூணு? நமக்கு ஏன் நாலு?" என்பாள். செல்வி கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பாள். பிறகு இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுவார்கள். ஒருத்தி ஆரம்பித்ததை மற்றவள் முடிப்பாள். இடையில் என்னவோ சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "என்ன, எனக்கும் சொல்லுங்க" என்றால், "அது ஒண்ணுமில்லண்ணே, குரோமோசோம் ஜோக்கு" என்பாள் ஜெயந்தி. குரோமோசோமில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் மிளகாய் அரைக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன்.

நான் அத்தனை நாள் கேட்டும் செல்வி எனக்காக ஒருமுறைகூடக் கத்தியைக் கீழே வைத்ததில்லை. அந்த ஒன்று எனக்குள் முள்ளாகக் குத்தியது. ஜெயந்தியின் கையிலும் அதே மருந்து வாடை. இரண்டு பேருக்கும் ஒரே வாடை. என் நெடி மட்டும் தனி. போகப்போக, ஜெயந்தியின் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் செல்வி இரண்டு வார்த்தை பேசக்கூடக் கற்றுக்கொண்டாள். நான் பேசுகிற பாஷையில் புதிதாகக் கற்றுக்கொள்ள அவளுக்கு என்ன இருந்தது?

முதல் வருடப் பரீட்சை நெருங்கியது. அந்த நேரம் பார்த்து என் தங்கை திருமங்கலத்திலிருந்து பிள்ளைகளோடு லீவுக்கு வந்துவிட்டாள். எங்கள் வீடு ஒரு கூடமும் ஓர் அடுப்படியும். பிள்ளைகள் போட்ட ஆட்டத்தில் செல்வியால் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை.

"ஏங்க, பரீச்ச முடியிற வரைக்கும் ஜெயந்தி வீட்ல இருந்து படிக்கவா? அவுக அம்மாவும் வரச் சொல்லுறாக."

"இங்கயே மொட்ட மாடில ஒக்காந்து படியேன். நான் மில்ல சீக்கிரம் பூட்டிட்டு வாரேன். கேக்குறேன்."

"வெயில் மண்டையப் பொளக்குது. ஒரு வாரந்தேங்க."

என் தங்கையே, "அண்ணே, போகட்டும்ணே. என்னமோ சிங்கப்பூருக்கு அனுப்புற மாதிரி மொகத்த வச்சிருக்க" என்றாள். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். ஜெயந்தி வாசலில் நின்று பையை வாங்கிக்கொண்டாள். கேள்வித்தாள் கட்டு பையில் இல்லை. "அது எதுக்குங்க, ஜெயந்திகிட்டயே இருக்கு" என்று செல்வி வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தாள். மஞ்சள் தடவிய கட்டு.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் நின்று கண்ணை மூடினேன். 'தாயே, செல்வி பாஸாகணும்' என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'ஆனா அந்தப் பொண்ணால பாஸானான்னு இருக்கக் கூடாது' என்றும் சேர்த்துக்கொண்டேன். அம்மனிடம் எதை மறைக்க முடியும்? பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். மனதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். மில்காரன் தொண்டை.

பரீட்சைக்கு முதல் நாள் மதியம். மில்லில் நல்ல கூட்டம். மிளகாய், மல்லி, கோதுமை என்று பெண்கள் டப்பாவும் பையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் இருந்த போன் அடித்தது.

"ஏங்க, நாந்தேன். மிசினு ஓடுதா?"

"ஓடுது. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். கொஞ்சம் நிப்பாட்டுங்க. கடைசி பாடத்த மட்டும் ஒருவாட்டி கேளுங்க."

நான் மெஷினை நிறுத்தினேன். "ஏன், ஜெயந்தி இல்லையா?" என் குரலில் இருந்த கடுப்பு எனக்கே கேட்டது.

"இருக்கா. பக்கத்துலதேன் இருக்கா. அவ கேட்டா ரெண்டாவது வரியிலயே 'ஏ அது இல்ல, இது'ன்னு உள்ள வந்துர்றா. அவ சொல்றது சரிதேன். ஆனா எனக்கு எல்லாம் செதறிப்போகுது. மூணு நாளா ஒண்ணக்கூட முழுசா சொல்லல. நீங்கன்னா முழுசா சொல்ல விடுவீங்க."

"கட்டு வீட்ல கெடக்கே" என்றேன்.

"ஒங்களுக்கு எதுக்குங்க கட்டு?"

உண்மைதான். ஒரு வருடமாகப் படித்துப் படித்து, சாமி பாட்டு மாதிரி எல்லாக் கேள்வியும் வரிசையாக எனக்கு மனப்பாடம். பதில் ஒன்றுகூடத் தெரியாது.

ஆனால் கடைசிப் பாடம் என்னவென்று ஞாபகம் வந்தபோதுதான் வியர்த்தது. இனப்பெருக்கம். வீட்டிலேயே அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, வாசல்படிக்கு நகர்ந்துபோய் மெதுவாகக் கேட்பேன். இங்கே எதிரில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். மெஷின் வேறு நின்றுவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"கருவுறுதல் என்றால் என்ன? அதன் நிலைகளை விவரி."

மெதுவாகத்தான் கேட்டேன். என்னுடைய மெதுவும் கடைசி வரிசைவரை போகும். கோதுமைக்கு வந்திருந்த அக்கா கேட்டார்.

"யாருண்ணே போன்ல, டாக்டரா?"

"இல்லக்கா. வீட்ல."

"வீட்லயா? இம்புட்டு நாள் கழிச்சு இப்பவா கேக்குறீக?"

மில்லே சிரித்தது. மிளகாய் நெடியில் தும்மலும் சிரிப்பும் சேர்ந்துகொண்டன. நான் மறு காதைப் பொத்திக்கொண்டு ரிசீவரை இறுக்கிப் பிடித்தேன். அந்தப் பக்கம் செல்வி சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் தயங்கி, பிறகு ஓட்டமாக. நடுவில் நின்றாள். நான் காத்திருந்தேன். விட்ட இடத்தைத் தானே பிடித்துக்கொண்டு முடித்தாள். "ம், அடுத்தது" என்றேன். ஒரு பாடம் முழுக்க அப்படியே போனது. மிளகாய்க்காரர்கள் ஒருவரும் எழுந்து போகவில்லை. முடிந்ததும் செல்வி, "போதும், இப்ப வருது" என்று வைத்துவிட்டாள். என் மேலெல்லாம் வியர்த்திருந்தது. ஆனால் அன்றைக்கு மெஷினை மறுபடி போட்டபோது எனக்கிருந்த சந்தோஷத்தை எந்தப் பரீட்சையிலும் நான் அடைந்ததில்லை.

செல்வி பாஸானாள். ஜெயந்திதான் அவளைவிடக் கூடுதல் மார்க். அதிலும் எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

இரண்டாம் வருடம் பாடங்கள் பெருகின. செல்விக்குத் தனியாகப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. விடிகாலையில் எழுந்து அவளே வாசித்து, அவளே கண்ணை மூடிச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். கடைசியாக நான் கேள்வி கேட்ட சாயங்காலம் எது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிதானமாகக் கேட்டிருப்பேன். ஜெயந்தி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்கிறார்கள். இட்லி ஆறும்வரை பேசுகிறார்கள். மில்லில் இருந்த அந்த போன் இணைப்பும் போய் வருடங்கள் ஆகின்றன. கூட்டமும் அப்போது மாதிரி இல்லை. எல்லாரும் பாக்கெட் தூள் வாங்குகிறார்கள். எனக்கு வரிசையாகத் தெரிந்திருந்த கேள்விகளில் இப்போது நாலைந்துக்கு மேல் ஞாபகமில்லை.

செல்வி இப்போது திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் பேச்சைக் கேட்கப் பொறுமை இருக்காது, நியாயம்தான். "இன்னக்கி மில்லுல..." என்று நான் ஆரம்பித்தால், "பெல்ட்டு அந்துபோச்சா? நாந்தேன் அப்பவே சொன்னேன்ல" என்று அவளே முடித்துவிடுகிறாள். பெல்ட் அறுந்திருக்காது. நான் வேறு ஏதோ சொல்ல வந்திருப்பேன்.

சென்ற மாதம் ஒருநாள் செல்வி மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மில்லைச் சாத்திவிட்டுத் திருமங்கலம் பஸ் பிடித்துக் கொண்டுபோனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வராந்தாவில் தூணோரம் நின்றேன். செல்வி ஏதோ கேள்வி கேட்டிருந்தாள். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை நடுவில் திக்கி நின்றது. உடனே சுற்றிலும் கைகள் உயர்ந்தன. "மிஸ், நான் மிஸ்" என்று சத்தம். செல்வி கையமர்த்தி எல்லாரையும் அடக்கினாள். மேஜையில் சாய்ந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரியென்றும் தப்பென்றும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிள்ளை எச்சில் விழுங்கியது, மேலே பார்த்தது, பிறகு மெல்லத் தொடர்ந்தது. கடைசி வார்த்தைவரை செல்வி அசையவில்லை.

"ம்" என்றாள் பிறகு. "இப்ப ஒக்காரு."

கண்ணாடியைப் பியூன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அந்தப் பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மதுரைக்குத் திரும்புகிற பஸ் வழியில் கப்பலூரைத் தாண்டும்வரை எனக்கு அந்தப் பிள்ளைமேல் பொறாமையாக இருந்தது.