லியானுக்குக் குலுக்கலில் விழுந்த இரண்டு இரவுகள்

ஆண்டு முடிவு விருந்தில் குலுக்கல் நடந்தபோது லியான் மேஜைக்கடியில் குனிந்து, தவறி விழுந்த இறாலைத் தேடிக்கொண்டிருந்தாள். மைக்கில் அவள் பெயரை மூன்று முறை கூவினார்கள். நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன்.

"அடியே, உனக்குத்தான்டி விழுந்திருக்கு! கடல் பாத்த ரூம், ரெண்டு ராத்திரி, காலைச் சாப்பாட்டோட!"

சமையல்காரர்கள் தட்டைத் தட்டினார்கள், காவல்காரர்கள் விசிலடித்தார்கள். அவள் அந்த இறாலோடேயே மேடையேறினாள்.

சீனாவின் தெற்குக் கடலோரம், சான்யாவில் எங்கள் ஓட்டலுக்கு அறுநூறு அறைகள். ஒன்பதாம் மாடியிலும் பன்னிரண்டாம் மாடியிலும் பதினோரு வருடமாகக் கட்டில் விரிக்கிறவள் லியான். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. அவள் விரித்த விரிப்பில் சுருக்கம் கண்டுபிடிக்கிறவனுக்கு நான் என் சம்பளத்தையே தருகிறேன். அத்தனை வருடத்தில் ஒரு கட்டிலின் ஓரத்தில்கூட அவள் உட்கார்ந்ததில்லை. அதே வேலை பார்க்கிற நான் உட்கார்ந்திருக்கிறேன், படுத்தும் பார்த்திருக்கிறேன், யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள். அவள் மாட்டாள்.

அவள் புருஷன் கைமிங் லாரி ஓட்டுகிறான். மாம்பழமும் மிளகாயும் ஏற்றி, கப்பலில் ஜலசந்தியைத் தாண்டி வடக்கே போகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். பரிசுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் புது கைபேசி வாங்கிக்கொள்ளச் சொல்லி ஆளாளுக்கு அவளை அரித்தார்கள். அவள் அசையவில்லை.

"ஒரே ஒரு ராத்திரி அவரு கடலைப் பாத்துக்கிட்டுத் தூங்கணும் அக்கா. அவ்வளவுதான்."

ஓட்டல் கொடுத்த தேதியோ வசந்தப் பண்டிகைக்கு முந்தின வாரம். முதல் நாள் கைமிங் வழியில் இருப்பான். இரண்டாம் நாள் மாலை ஆறு மணிக்கு வந்து, மறுநாள் விடிகாலை மறுபடியும் வண்டியை எடுக்க வேண்டும். ஆக, அந்த இரண்டாவது ராத்திரிதான் அவளுக்கு எல்லாமே.

முதல் நாள் அம்மணி எப்படி வந்தாள் தெரியுமா? பின்வாசல் வழியாக, அழுக்குத் துணி வண்டிகள் ஏறும் லிஃப்டில்!

"ஏன்டி, முன்னாடி கண்ணாடிக் கதவு இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? இன்னிக்கு நீ விருந்தாளிடீ!"

"காலு தானா இந்தப் பக்கம் வந்திருச்சு அக்கா."

"நீ ஒரு ராத்திரி தாங்க மாட்டே. விடியறதுக்குள்ள நம்ம வேலைக்காரங்க விடுதிக்கு ஓடிருவே பாரு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். சொன்னதை நானே நம்பித் தொலைத்ததுதான் வினை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, துடைக்கிற வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் அறையான 917-ஐத் திறந்தேன். உள்ளே ஈ, காக்கை இல்லை. கட்டில் விறைப்பாக இருந்தது. துண்டுகள் மடித்தபடி, குப்பைக்கூடை காலி, கழிப்பறைக் காகிதச் சுருளின் நுனிகூட முக்கோணமாக மடித்திருந்தது. பெட்டி இல்லை, பை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'ஓடிட்டாளே பாவி! கையில கெடச்சத அனுபவிக்கத் தெரியாத ஜென்மம்!' கைபேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கோபம் தலைக்கேற, வரவேற்புக்குப் போன் போட்டு, "917 காலி. லியான் போயிட்டா" என்றேன்.

கீழே ஹார்பினிலிருந்து வந்த வடக்கத்திக் கூட்டம் பெட்டியும் குழந்தையுமாக நின்றுகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் அறையைக் கொடுத்துவிட்டார்கள்.

மாலை நாலு மணிக்குத் துணி அறைக் கதவில் லியான் வந்து நின்றாள். தலையிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டுகிறது, தோளில் துணிப்பை, முகமெல்லாம் வெயில் பட்டுச் சிவந்திருக்கிறது.

"அக்கா, என் ரூம்ல ஹார்பின்காரங்க இருக்காங்க."

"நீ என்ன பண்ணினே?"

"பழக்கதோஷம். 'ரூம் சுத்தம் பண்ணணுமா மேடம்'னு கேட்டுட்டேன். அவங்க ரெண்டு துண்டு கூட வேணும்னாங்க."

"நேத்து ராத்திரி எங்கடி படுத்தே?"

"கட்டில்லதான். காலைல எந்திரிச்சு விரிச்சு, பாத்ரூமைக் கழுவிட்டுக் கடலுக்குப் போனேன். இன்னிக்கு உங்களுக்கு ஒரு ரூம் கொறையுமேன்னு."

எனக்காகவா செய்தாள்? அதை வைத்துத்தானே நான் அவளைத் திட்டினேன்! என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு பேரும் வரவேற்புக்கு ஓடினோம். மேலாளர் லுவோ சின்ன வயசு, இஸ்திரி கலையாத ஆள். "தப்பு என்னோடது" என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை. லியானைப் பார்த்துக் குழைந்தார்.

"நீங்க நம்ம வீட்டு ஆளு. நெலமை உங்களுக்கே தெரியும். ஓட்டல் முழுக்க நெறைஞ்சு வழியுது. இன்னிக்கு விடுதியில படுத்துக்கோங்க. பண்டிகை முடியட்டும், பாக்கலாம்."

லியான் எதற்கும் "சரி" என்கிறவள். பதினோரு வருடமாக அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் மாடி ஓடுகிறது. அவள் உதடு அசைவதைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பன்னெண்டு பூஜ்யம் ஆறு காலியா இருக்கு" என்றாள்.

லுவோ விழித்தார். "அது... அது பெரியவங்க வந்தா வேணும்னு வெச்சிருக்கறது."

"தெரியும் சார். தினமும் நான்தான் விரிப்பு மாத்தறேன். பத்து நாளா யாரும் படுக்கல. இன்னிக்கு யாரு வர்றாங்கன்னு சொல்லுங்க, போயிடறேன்."

அவர் கணினியைத் தட்டினார். ஒருவரும் வரவில்லை. இருந்தும் இழுத்தார். லியான் திரும்பி நடந்தாள். வாசலுக்குப் போகிறாளோ என்று பதறினால், கூடத்தின் நட்டநடுவே இருந்த வெள்ளைச் சோபாவில், சொட்டச் சொட்ட, மணலோடு, சாய்ந்து உட்கார்ந்தாள்!

"இங்கேயே இருக்கேன் சார். என் வீட்டுக்காரரு ஆறு மணிக்கு வருவாரு. நாங்க விருந்தாளிங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், சீருடையோடு. வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு! லுவோவின் முகத்தில் ஏழெட்டு நிறம் மாறியது. கடைசியில் 1206-இன் அட்டையைத் தானே எடுத்து வந்து நீட்டினார். லியான் அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

ஆறு அடிக்கக் கால் மணி இருக்கும்போது கைமிங் வந்தான். வாயெல்லாம் பாக்குச் சிவப்பு, காலில் ரப்பர் செருப்பு. அவனை முன்வாசல் கண்ணாடிக் கதவு வழியாகவே கூட்டிக்கொண்டு போனேன்.

ஏழு மணிகூட ஆகவில்லை, வெளிச்சம் இருந்தது. துணி அறையில் போன் அடித்தது. 1206.

"சொல்லுங்க மேடம், என்ன வேணும்?" என்றேன், குரலைக் குழைத்து.

லியான் கிசுகிசுத்தாள். "அக்கா, அவரு தூங்கிட்டாரு. செருப்பைக்கூடக் கழட்டல. ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாக்கல."

"தட்டி எழுப்புடி! இதுக்கா இத்தனை சண்டை போட்டோம்?"

"மாட்டேன்." அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "வண்டி சீட்டுல மடங்கிப் படுத்து அவருக்குக் கால் நீட்டவே மறந்துபோச்சு அக்கா. இப்ப நீட்டிப் படுத்திருக்காரு. கட்டில் முழுக்க. பாத்துக்கிட்டே இருக்கேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சரி, வேற என்ன வேணும்?"

"ரெண்டு இளநீ கொண்டு வாங்க. பால்கனில ரெண்டு நாற்காலி இருக்கு. ஒண்ணு சும்மாதான கெடக்கு."

நான் வண்டியை அப்படியே விட்டுவிட்டு இளநீர் வாங்கப் போனேன்.