செவலையின் கண்மறைப்பு

தங்கபாய் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பதினாறு வருஷமாகத் துணி வெட்டும் வேலை. சூப்பர்வைசர் எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள். அப்படிப்பட்டவள் 1989 மாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரயிலடியில் நின்று, "குதிரையை நான் வச்சுக்கிடுதேன்" என்று சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜட்கா ஓட்டிய சோணைமுத்துவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஆட்டோ வந்தபின் சவாரியும் இல்லை. செவலைக் குதிரையைத் தரகரிடம் தள்ளிவிட்டு மகள் வீட்டோடு போய்விட இருந்தார். அந்த ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தங்கபாய் அந்த வண்டியில்தான் ஏறுவாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக, அதன் கண்களுக்கு இரண்டு பக்கமும் கட்டியிருந்த தோல் மறைப்பை அவிழ்த்தாள். பதினோரு வருஷமாக நேரே இருக்கும் ரோட்டைத் தவிர வேறொன்றும் பார்க்காத ஜீவன், இனியாவது நாலு பக்கமும் பார்க்கட்டும் என்று.

செவலை பார்த்தது. பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் கோழி நடந்தாலும் உடம்பு நடுங்கியது. முன்னால் நின்று கயிற்றை இழுத்தால் கழுத்து நீண்டதே தவிர குளம்பு நகரவில்லை. பத்தாம் நாள் பின்னங்கால்கள் வீங்கின. "நடந்தாத்தான் வீக்கம் வடியும். இல்லைன்னா படுத்துரும்மா" என்றார் கால்நடை டாக்டர்.

மில்லிலிருந்து வந்த கணவன் காசிராஜன் சைக்கிளை நிறுத்தினான்.

"ஏட்டி, குதிரை கொண்டாந்தியா, சிலை கொண்டாந்தியா?"

"நடக்கும்."

"ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். பொறவு தரகரை வரச் சொல்லிருவேன். படுத்துச் சாகிறதைப் பாக்க என்னால ஏலாது."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குப் பயம் வந்தது.

மறைப்பைத் துடைத்து மறுபடி கட்டினாள். நடுக்கம் அடங்கியது. வண்டி ஓட்டும்போது சோணைமுத்துவின் குரல் பின்னாலிருந்துதானே வரும் என்று, குதிரைக்குப் பின்னால் போய் அவரைப் போலவே நாக்கைச் சொடுக்கினாள். செவலை கொல்லைச் சுவரோரம் கடைசி வரை நடந்தது.

"நடந்துருச்சே, இப்படியே விட்டுரு" என்றான் காசிராஜன்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு எம்புட்டு நாளைக்கு?"

மறுநாள் கம்பெனிக் கத்தரியைக் கேட்டு வாங்கி வந்து, தோலின் ஓரத்தில் அரை விரல் அகலத்துக்கு வெட்டினாள். தினமும் நடத்தினாள். மூன்று நாள் கழித்து இன்னும் அரை விரல். ஒருமுறை ஆசைப்பட்டு இரண்டு விரல் வெட்டிவிட்டாள். செவலை திரும்பவும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. வெட்டிய துண்டை எடுத்துத் தைக்க உட்கார்ந்தாள். காசிராஜன் கோணி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் வீக்கம் முழுதாக வடிந்திருந்தது. மறைப்பில் கட்டைவிரல் அளவுத் தோல்தான் மிச்சம். வற்றிய கண்மாய்க்குள் கூட்டிப்போய் அதையும் அவிழ்த்தாள், கயிற்றையும் அவிழ்த்தாள். நாக்கைச் சொடுக்கவில்லை.

செவலை இடப்பக்கம் பார்த்தது. ஆடுகள் மேய்ந்தன. வலப்பக்கம் பார்த்தது. செத்த நேரம் அப்படியே நின்றது. பிறகு தானாக நடந்தது, ஓடியது. கண்மாய் நடுவில் முன்னங்கால் மடங்கிச் சரிந்தது.

"போச்சுட்டி" என்று காசிராஜன் ஓடினான்.

குதிரை மல்லாந்து, நாலு காலையும் மேலே தூக்கிப் புழுதியில் புரண்டது. எழுந்து உதறிக்கொண்டு மறுபடி ஓடியது. அவன் மூச்சு வாங்க நின்றான்.

"தரகர் நாளைக்கு வாரேன்னாரே, என்ன சொல்ல?"

"வரட்டும். முடிஞ்சாப் பிடிச்சுக்கிடட்டும்" என்றாள் தங்கபாய்.