படாக் மரத்தூளில் இரண்டு மண்டலங்கள்

தீவில் விஞ்ஞான டீச்சர் வேலை என்றால், மெயின்லேண்டிலிருந்து கப்பல் வரும்வரை எல்லாவற்றையும் வாயாலேயே காட்டும் வேலை. உங்களில் யாராவது அதைச் செய்து தொலைத்திருந்தால் என் தொண்டையின் கதி புரியும். எழுபதுகளில் போர்ட் பிளேர் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்னத் தமிழ்ப் பிரிவு என்னுடையது. அதைப் பெரிய இந்திப் பிரிவோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு. சேர்த்தால் தமிழ்ப் பாடம் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தானா நான் நட்சத்திர மண்டலங்கள் ஒன்றோடொன்று சேர்வதைப் பாடம் எடுக்க வேண்டும்!

மோதல்

பெரிய மண்டலம் சின்னதை விழுங்கும், ஆனால் மோதினாலும் நட்சத்திரங்கள் அநேகமாக முட்டிக்கொள்வதில்லை, நடுவில் அவ்வளவு இடைவெளி; வாயுதான் மோதி இறுகிப் புது நட்சத்திரமாகும் என்று கத்திக் கத்திச் சொன்னேன். மீன்பிடிக் குடும்பத்து அந்தோணியம்மாள் எழுந்தாள். வாயாடி. ஆனால் இந்தி அரைகுறை. பிரிவைச் சேர்த்தால் முதலில் ஊமையாகப் போகிறவள் இவள்தான் என்று எனக்குக் கவலை.

"எங்கப்பாவோட போட்டு பாறையில மோதுனா பலகையாச்சும் பேந்துக்கும் டீச்சர். இதெல்லாம் ஒரு மோதலா?"

சாத்தம் மரத்தூள்

பிரிவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய அதிகாரி வந்தார். சாத்தம் தீவு மரமில்லிலிருந்து மரத்தூள் வாங்கி அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்தேன். பெரிய மண்டலத்துக்கு எங்கள் தீவுக் காட்டின் சிவப்புப் படாக் மரத்தூள், சின்னதுக்கு வெள்ளை மரத்தூள். இரண்டையும் சுழற்றி நெருங்கவிட்டேன். வால் நீண்டு, சுருள் கலைந்து, அழகாகத்தான் சேர்ந்தன. படாக் நனைந்தால் சாயம் விடும் என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் அங்கே புத்தி போகவில்லை. அண்டா முழுக்கச் சிவப்பு. "சின்னதின் நட்சத்திரங்கள் அழியாது சார், பெரியதும் பழைய உருவத்தில் இருக்காது" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் தண்ணீரையே பார்த்தார்.

"எல்லாம் ஒரே நிறமாயிடுச்சே டீச்சர். இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

சேர்ந்த பிறகு

சேர்த்துவிட்டார்கள். தமிழ்ப் பாடம் போனது போனதுதான். நான் என் நொண்டி இந்தியில் விஞ்ஞானம் நடத்தினேன். கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்தோணியம்மாளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அண்டாத் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் இந்திப் பிரிவின் வங்காளி வாத்தியார் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மரைன் ஹில்லில் தமிழர்களுக்கு நடுவே குடியிருந்து தமிழ் பழகியவர். பேனா விழுந்தால் இந்திப் பிள்ளைகளும் சேர்ந்து வகுப்பே "ஐயையோ" என்கிறதாம், விளையாட்டில் "ஒண்ணு, ரெண்டு" என்றுதான் எண்ணுகிறார்களாம், எல்லாவற்றுக்கும் தலைவி அந்தோணியம்மாளாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"அரே டீச்சர், உங்க பசங்களை என் கிளாஸ்ல சேர்த்தாங்களா, என் கிளாஸை உங்க பசங்களோட சேர்த்தாங்களா?"

பெரியது சின்னதை விழுங்கும் என்று தொண்டை வறளப் பாடம் எடுத்தேனே, விழுங்கியதற்கு விக்கல் எடுக்கும் என்பதை மட்டும் எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தொலைக்கவில்லை.