பின்பக்கம் பார்க்காத கிணறு

கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கப் போகிற இடத்தில் சுகாதார ஆய்வாளரான அவர் யார் பேச்சையும் நம்பமாட்டார். "கழிவுக்குழி ரொம்பத் தள்ளி இருக்கு சார்" என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்தாலும், டேப்பைப் பிடித்து அளந்த பிறகே படிவத்தில் மதிப்பெண் போடுவார். குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம், தண்ணீர் எத்தனை அடியில், மண் மணலா களிமண்ணா, மேடையில் விரிசல் உண்டா என்று பார்த்துக் கூட்டினால், அந்தத் தண்ணீர் கெட எவ்வளவு வாய்ப்பு என்று தெரிந்துவிடும். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே டேப்பு. "பொண்ணு பார்க்கப் போனப்பவும் வாசலை அளந்துட்டுத்தான் உள்ளே போனாராம்" என்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

இருபத்தாறு வருடத்தில் அவர் அளக்காமல் மதிப்பெண் போட்டது ஒரே ஒரு கிணற்றுக்கு. அது தங்கை வீட்டுக் கிணறு.

அன்று போனதும் தங்கை பிடித்து உட்காரவைத்துவிட்டாள். "முதல்ல சாப்பிடுண்ணே. கிணறு எங்கேயும் ஓடிப்போயிடாது."

சாப்பிட்ட கை காய்வதற்குள் படிவத்தை நிரப்பிவிட்டார். அந்த வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. குழி மறுகோடியில், அறுபது அடி தள்ளி. "தைரியமா குடிங்க, இந்தத் தெருவுலயே நல்ல தண்ணி இதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் அதற்கு முன்பே, புது அறை கட்டும்போது தங்கையின் கணவர் குழியை இடம் மாற்றியிருந்தார். பின்சுவருக்கு அந்தப் பக்கம், கிணற்றிலிருந்து பதினோரு அடியில்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள், பிரசவத்துக்கு வந்திருந்த தங்கை மகளுக்கு மஞ்சள்காமாலை. அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் பின்பக்கம் போய் அளந்தார்.

கூடத்துக்குத் திரும்பியபோது தங்கை புலம்பிக்கொண்டிருந்தாள். "வெளியில எதையோ வாங்கித் தின்னிருக்கா. நான்தான்ணே கண்டிக்காம விட்டுட்டேன்."

"அவ தின்னதால இல்லம்மா. அன்னிக்கு நான் பின்னாடி போய்ப் பார்க்கல."

"எதை?"

"குழியை. உட்கார்ந்த இடத்துலயே எழுதிட்டேன்."

"அதுவரைக்கும் அவளுக்குத் தண்ணியைக் காய்ச்சித்தான்ணே குடுத்துட்டிருந்தேன். நீ சொன்ன அன்னிக்குத்தான் நிறுத்தினேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"உள்ளதான் இருக்கா" என்றாள். "அவகிட்ட நீயே சொல்லிடு."

அவர் எழுந்தார். கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் புரண்டு படுத்தவள், "யாரும்மா, மாமாவா வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.