மரியதாஸ் அண்ணை சொன்ன ‘வேண்டாம்’

ஞாயிறு பூசை முடிந்த கையோடு மரியதாஸ் அண்ணையின் மகள் ஜெனிற்றா தொலைபேசி எடுத்தாள். “மிஸ், அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்.” குருநகர்ச் சந்தையில் அண்ணை மீன் ஏலம் கூறிய குரலை உங்களில் பலர் அறிவீர்கள். எல்லோரும் அவரிடம் மீன் வாங்கினார்கள். நான் துப்பல் வாங்கினேன்.

மறதிநோய் வருவதை முள்ளந்தண்டில் ஊசி குத்தாமல் உமிழ்நீரிலேயே கண்டுபிடிக்கலாமா என்பதுதான் எங்கள் ஆய்வு. நோயில்லாத, நடுவயது கடந்தவர்கள் ஆண்டுதோறும் ஒரு குழாயில் துப்பித் தரவேண்டும். முதல்நாள் கோயில் மண்டபத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற பெண்ணுக்கு முன்னால் துப்புவது மரியாதையில்லையாம். அண்ணைதான் எழும்பினார். “தங்கச்சி, நீங்கள் அங்காலை திரும்புங்கோ. டேய், துப்புங்கோடா எல்லாரும்!” நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பும் காறலுமாகக் குழாய்கள் நிறைந்தன.

ஒப்புதல் படிவத்தை விளக்கியபோது, “எனக்கே உந்த மறதி வருத்தம் வந்தால்?” என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். “மறதியிலை வேண்டாம் எண்டாலும், அதுவும் நான் சொன்னதுதான். விட்டிடோணும்.”

அந்த நோய் அவருக்கே வந்தது. கூறிய விலையை மறந்தார். பிறகு என்னை யாரென்று கேட்டார். நோய் வெளியே தெரியுமுன் அவர் தந்த குழாய்கள் எங்களுக்குப் பொன்னாகிவிட்டன. ஒப்பிட, நோய் வந்தபின் எடுத்தது ஒன்று வேண்டும். வீட்டுக்குப் போனேன். அண்ணை வாயை இறுக்கி முகத்தைத் திருப்பினார். “வேண்டாம்.”

ஜெனிற்றா அழுதாள். “அப்பாவுக்கு விளங்கேல்லை மிஸ். நான் பிடிக்கிறன், ஒரு சொட்டுத்தானே. எனக்கும் வருமோ எண்டு நாளைக்குத் தெரியவேணுமெல்லே?”

எனக்கும் அந்தச் சொட்டு வேண்டியிருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் குழாயை மூடினேன். அவர் முன்பு சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் என்னோடு கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த ஆண்டும் கேட்டேன், அதே பதில்தான்.

இந்தச் சோதனை ஒருநாள் வரும். கொழும்புக்கு ஓடாமல், ஊசிக்குப் பயப்படாமல், குருநகரிலேயே துப்பிக் கொடுத்து அறிந்துகொள்வார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணையின் குழாய்கள் ஆய்வுக்குச் சொந்தம். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவருடைய அந்த ‘வேண்டாம்’தான். எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம் என்று படிவத்தில் ஒரு வரி உண்டு. முன்பெல்லாம் அதை ஓட்டமாக வாசித்து முடித்துவிடுவேன். இப்போது ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

நினைவுப் பூசைக்குப் பிறகு ஜெனிற்றா தன்னையும் ஆய்வில் சேர்க்கச் சொன்னாள். அந்த வரியை அவளுக்கும் சொன்னேன்.

“விளங்குது மிஸ்,” என்றாள். “குழாயைத் தாங்கோ.”