சீடி ரைட்டரும் பதினைந்து மீற்றர் வயரும்

எங்கள் ஒழுங்கையில் சீடி ரைட்டர் பூட்டிய கணினி என்னுடையது ஒன்றுதான். அதை வாங்கியது பெருந்தன்மையால் அல்ல. வாய் திறக்காமலே நாலு பேருக்கு உதவியாக இருக்கலாம் என்று நினைத்தேன். எனக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. அங்கே சாமான் பெயர் எழுதிய துண்டை நீட்டுவார்கள், நான் பொருளை நீட்டுவேன், கதை தேவையில்லை. சீடியும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

ஆனால் ஒரு சீடி எழுதி முடியக் கால் மணித்தியாலம் எடுக்கும். அதுவரை வந்தவர் என் கட்டிலில்தான் இருக்க வேண்டும். இருந்த ஒரு கதிரையில் நான் இருப்பேன். கட்டிலில் இருப்பவர் சும்மா இருக்க மாட்டார். நான் ஏன் இன்னும் கலியாணம் முடிக்கவில்லை என்பதில் தொடங்கி, கொடியில் தொங்கும் என் சாரத்தின் வயது வரை விசாரிப்பார். பெண்கள் வந்தால் நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன். கால் மணித்தியாலம் கை கழுவுவது லேசான வேலை அல்ல.

நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் மகள், என் மருமகள், ஹோலில் ஒரு கணினி வைத்திருந்தாள். அதில் ரைட்டர் இல்லை. இரண்டு கணினியையும் ஒரு வயரால் இணைத்து, என் ரைட்டரை அவளுடைய கணினிக்கும் பொதுவாக்கிவிட்டால், வருகிறவர்கள் ஹோலிலேயே இருந்து சீடி எழுதிக்கொண்டு போகலாம். என் கதவு சாத்தியபடி இருக்கலாம். உலகத்தில் மற்றவர்கள் கணினிகளை இணைப்பது ஆட்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள. நான் இணைத்தது தொடர்பை அறுக்க.

கடைக்காரப் பொடியன் பதினைந்து மீற்றர் வயர் வெட்டி, இரண்டு நுனியிலும் பின் அடித்துத் தந்து, எப்படிப் பூட்டுவது என்று நெடுகச் சொன்னான். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். விளங்கியவனும் ஓம் என்பான், கெதியாய்க் கடையை விட்டு வெளியேற விரும்புகிறவனும் ஓம் என்பான்.

வீட்டுக்கு வந்து பூட்டினேன். என் ரைட்டரில் ஒரு பாட்டுச் சீடியைப் போட்டேன், ஹோலில் பாட்டுக் கேட்டது. சோதனை அவ்வளவுதான். வாசிக்கிற பெட்டி எழுதவும் செய்யும் என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். என் அறைக் கதவில் ஓர் அறிவித்தலும் ஒட்டினேன்: ‘சீடி எழுத வருவோர் ஹோலிலுள்ள கணினியை உபயோகிக்கவும். இப்படிக்கு’. கீழே என் பெயரைப் போட வெட்கமாக இருந்ததால் ‘இப்படிக்கு’ தனியே நின்றது.

முதலில் அதை உபயோகிக்க வந்தவள் மருமகள்தான். கலியாணம் முடித்து இருபத்திரண்டு நாளில் அவள் புருசன் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். அவளைக் கூப்பிடும் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. கலியாணப் படங்களில் நெருங்கிய சொந்தக்காரரைக் காணவில்லையாம். அதில் என் பங்கும் உண்டு. பெண்ணுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். அன்று கமரா வந்த பக்கத்தைப் பார்த்துப் பார்த்து நான் சமையல் கொட்டகைக்குள் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த முறை அவள் சொந்தக்காரரிடமிருந்தெல்லாம் படம் சேர்த்து, ஒவ்வொன்றிலும் யார் யார் என்று எழுதி, முந்நூறு படம் வைத்திருந்தாள். நான் பந்தியில் பப்படம் கடித்துக்கொண்டிருந்த படமும் அதில் இருந்தது. மறுநாள் மதியத்துக்கு முன் சீடி, விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கொழும்பு முகவரின் கையில் இருக்க வேண்டும். தவறினால் திரும்பவும் பல மாதம் காத்திருக்க வேண்டும். சமாதானம் என்பது கடதாசியில் மட்டும் மிச்சமிருந்த காலம் அது. அக்கா மகளைத் தனியே கொழும்புக்கு பஸ் ஏற்ற மாட்டா. சந்தியில் புடவைக்கடை வைத்திருந்த கிண்ணியா ஊர் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்பவர், கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகிறார் என்று அறிந்து அவரிடம் கேட்டிருந்தோம். அவர் நாலு மணிக்குள் கடையைப் பூட்டி வந்து வாங்குவார். வீட்டுக்குப் போய் அங்கிருந்துதான் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போவார். நாலு மணிக்குமேல் நின்றால் கிண்ணியாவுக்கு ஆட்களைக் கடல் கடத்தும் பாதைப் படகு நின்றுவிடும்.

நான் அரைநாள் லீவு போட்டு வந்தேன். இரண்டு மணிக்கு மருமகள் ஹோலில் தொடங்கினாள். படம் பார்க்கவென்று பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் அவளோடு இருந்தார்கள். அதனால் நான் அறைக்குள் இருந்தேன்.

"மாமா, ஏலாதாம்," என்றாள்.

"எது ஏலாதாம்?"

"இதுக்குள்ள எழுத அனுமதியில்லையாம்."

கதவைத் திறக்காமலே நான் அனுமதி கொடுத்தேன். இருந்த எல்லாக் கட்டங்களிலும் சரி போட்டேன். திரும்பவும் ஏலாதாம். சீடியை மாற்றினேன். கணினியை அணைத்துப் போட்டேன். வயரை இரண்டு பக்கமும் கழற்றிப் பூட்ட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் ஒரு பக்கம் ஹோலில் இருந்தது. என் பக்கத்தை மட்டும் மூன்று முறை கழற்றிப் பூட்டினேன்.

"உங்கட மாமா உள்ளுக்கு இருக்கிறாரோ, இல்லாட்டி ரேடியோவோ?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கதவுக்குள்ளால மட்டும் கதைக்கிற ரேடியோ, அக்கா," என்றாள் மருமகள். ஆனால் அவள் குரல் அழப்போகிற குரலாகிவிட்டது. மூன்று மணி தாண்டியிருந்தது.

அக்கா குசினியில் இருந்து வந்து கதவைத் திறந்தா. கையில் திருவ எடுத்த பாதித் தேங்காய்.

"தம்பி, எழுதிற சாமான் எங்க இருக்கு?"

"இங்க."

"படம்?"

"அங்க."

"அப்ப படத்தை இங்க கொண்டு வாவன். தேங்காயைத்தான் திருவலைக்குக் கொண்டு போறது. திருவலையைப் பத்து வீட்டுக்கு இழுக்கிறேல்ல."

அக்காவுக்குக் கணினியை எந்தப் பக்கத்தால் போடுவதென்றே தெரியாது. ஆனால் அதுதான் வழி. அந்த வயரால் படங்களை என் கணினிக்கு அனுப்பலாம், எழுதுவதை என் கணினிதான் செய்ய வேண்டும். ஐந்து நிமிடத்தில் முந்நூறு படமும் வந்து சேர்ந்தன.

எழுதத் தொடங்கியதும் மருமகள் வந்து கட்டிலில் இருந்தாள். பின்னால் அந்தப் பெண்கள் இருவரும் வந்தார்கள். கிணற்றடிக்குப் போக வழியில்லை, அக்கா வாசலில் நின்று தேங்காய்ச் சொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. பிறகு நானாவும் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பிள்ளைப்பேறா? இவ்வளவு பேரு காவல் நிக்கிறியள்."

நாலு மணிக்குச் சீடி வெளியே வந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ‘திருமணம்’ என்று அதன்மேல் எழுதினோம். அப்படி எழுதாத சீடியோடு யாரும் சோதனைச் சாவடி தாண்டுவதில்லை. எழுதினாலும் நானாவுக்குப் போதவில்லை.

"ஆர்ட கலியாணம் எண்டு கேப்பான். நான் என்னத்தச் சொல்ற? வீட்டாள் ஒராள் பஸ் ஏறுமட்டும் வாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனேன்.

சாவடியில் கடற்படைச் சிப்பாய் சீடியை வெயிலுக்குப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, யாருடைய கலியாணம் என்று சிங்களத்தில் கேட்டான். அக்காவின் மகள் என்பதற்குச் சிங்களம் எனக்குத் தெரியும். வழி முழுக்க மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் வாயில் வந்தது ‘என்னுடையது’ என்ற ஒரு சொல்தான்.

அவன் என் நரைத்த தலையைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். பிறகு சீடியை இரண்டு கையாலும் திருப்பித் தந்து, சந்தோசமாய் இருங்கள் என்று வாழ்த்தினான். நான் நன்றி சொன்னேன்.

நானா சாவடி தாண்டும்வரை வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கையை எடுத்தார். "மாப்பிள, நான் போய்ட்டு வாறன்," என்றார்.

மறுநாள் பதினொன்றரைக்கு முகவரின் கந்தோரிலிருந்து போன் வந்தது. மருமகள் எடுத்து, ஓம், ஓம் என்று கேட்டாள். சீடி திறக்கிறதாம், படங்கள் எல்லாம் இருக்கிறதாம். ஒரேயொரு சந்தேகம்: பப்படம் கடிக்கிறவர் யார், அவர் கொஞ்சம் பயந்தமாதிரி இருக்கிறாரே.

"அவர் என்ர தாய்மாமன்," என்றாள். "அவர் எப்பவும் அப்பிடித்தான். விண்ணப்பத்தைக் குடுங்கோ."

கொடுத்தார்கள்.